வலது காது அவளோடது

உக்காருங்க டீச்சர், உக்காருங்க. இந்தப் பக்கம் மட்டும் ஒரு ஆணி நீட்டிக்கிட்டிருக்கு, சேலையைப் பார்த்துக்கங்க. டாக்டரம்மா உள்ளே ஒரு எருமைக்கு ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க. எருமை முடிஞ்சா நான். நான் முடிஞ்சா நீங்க.

டீச்சர்தானே? கேக்காமலே தெரியும். நாய்க்குட்டியை மடியில வச்சிருக்கிற தினுசே சொல்லுது, பரீட்சைப் பேப்பர் கட்டு மாதிரி. பேரு என்ன? ரியோவா? சரி, இருக்கட்டும். கையில என்ன அது, அட்டையா? நாய்க்கா? போட்டோ ஒட்டி, பிறந்த தேதி போட்டு, முத்திரை வேற குத்தியிருக்கு. எனக்குப் பிறந்த தேதி கிடையாது டீச்சர். பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது எல்லாருக்கும் ஜூன் ஒண்ணுன்னு போட்டார் வாத்தியார். உங்க ரியோ என்னைய விடப் பத்திரமா இருக்கான்.

நான் ஆட்டுக்காரி. பேரு உலகம்மாள். ஊரு கொடுக்கன்பட்டி, இங்கேயிருந்து பஸ்ஸுல முக்கால் மணி நேரம். சுத்திமுத்தியும் தேடாதீங்க, ஆட்டைக் கூட்டிக்கிட்டு வரலை. எனக்கு ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம். ஒரு தாள் வேணும். இந்த முப்பத்தொரு செம்மறியும் உலகம்மாளோடதுன்னு ஒரு தாள். மூணு மணிக்கு ஊருக்கு லாரி வருது. தீபாவளிச் சந்தைக்குப் பதினோரு கிடாய் ஏத்தணும். தாள் இல்லைன்னா லாரிக்காரன் ஏத்த மாட்டான். அவன் ஏத்தினாலும் சந்தை வாசல்ல இறக்க விட மாட்டாங்க. வருஷத்துல ஒரு தரம்தான் எங்க கைக்குக் காசு வரும். அந்த ஒரு தரம் இன்னிக்கு மூணு மணிக்கு.

என் ஆடு என்னோடதுன்னு எதுக்கு இன்னொருத்தர் எழுதித் தரணும்னு பார்க்கறீங்க. அதைத்தான் சொல்ல வாரேன். நீங்க கேக்கலைன்னாலும் சொல்லியிருப்பேன். எருமை சீக்கிரம் முடியாது.

எங்க பக்கத்துல ஒவ்வொரு குடும்பத்து ஆட்டுக்கும் ஒரு காதுக்குறி உண்டு. பத்து வீட்டு ஆடு ஒண்ணா மேயும், எது யாரோடதுன்னு தெரிய வேண்டாமா? குட்டியிலேயே காதுல ஒரு வெட்டு வெட்டிடுவோம். ஒரு வீட்டுக்கு நுனியில ரெட்டை வெட்டு, ஒரு வீட்டுக்கு ஓரத்துல பிறை மாதிரி, ஒரு வீட்டுக்கு நடுவுல துளை. எங்க மாமனார் வீட்டுக்கு இடது காதுல பாதி. சரி பாதி. பாதிக் காதோட ஒரு ஆடு எந்த ஊர்ல நின்னாலும் அது எங்க ஆடு. காணாமப் போன எங்க ஆடு ஒண்ணு அம்பது மைலுக்கு அந்தாண்டை இருந்து ஆள் சொல்லி அனுப்பி வந்து சேர்ந்திருக்கு. கம்ப்யூட்டரா வந்து சொல்லுச்சு? காது சொல்லுச்சு.

எங்க வீட்டுக்காரர் மூத்தவர். கொழுந்தன் ஒருத்தன், நம்பிராசன். அவன் பொண்டாட்டி சீனித்தாய், என் ஓரகத்தி. எட்டு வருஷத்துக்கு முன்னாலே பாகம் பிரிச்சோம். ஆட்டைப் பிரிச்சாச்சு, குறியை எப்படிப் பிரிக்கிறது? நான்தான் வழி சொன்னேன். மூத்தவங்களுக்குக் குறி அப்படியே இருக்கட்டும், இளையவங்க இடது காது பாதியோட வலது காதுலயும் ஒரு கீறு கீறிக்கட்டும்னு. எல்லாரும் தலையாட்டினாங்க. சீனித்தாயும் ஆட்டினா. 'சரிக்கா'ன்னா. அவளுக்கு எதுக்கெடுத்தாலும் 'சரிக்கா'தான். இப்படிச் சரிக்கா சரிக்கான்னு சொல்றவளை நான் நம்பறதில்லை டீச்சர். மனசுல ஒண்ணுமே இல்லாம ஒருத்தி அப்படிச் சொல்ல முடியுமா?

ஆகக்கூடி, இடது காது பாதி, வலது காது முழுசு, அது என் ஆடு. இடது பாதி, வலது கீறல், அது அவ ஆடு. இவ்வளவுதான் கணக்கு. ஒரு தாள் உண்டா, ஒரு முத்திரை உண்டா?

இதுக்குள்ளேதான் அரசாங்கம் வந்து காலை நீட்டுச்சு.

சித்திரையில எங்க அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. மூணு நாள் போயிருந்தேன். அங்கே ஒரு பிள்ளைக்கு ரெண்டு காது குத்தறதுக்குள்ளே, இங்கே என் வீட்டுல முப்பத்தொரு காதைக் குத்திட்டாங்க. முகாமாம். மஞ்சள் வில்லை, அதுல பன்னெண்டு இலக்க நம்பர். ஒவ்வொரு ஆட்டுக் காதுலயும் பிளாஸ்டிக் தோடு மாட்டி விட்டிருக்காங்க. இடது காதுலதான் போடணும்னு சட்டமாம். இந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் இடது காதைப் பார்த்திருக்கார். பாதி இல்லை. 'மீதி எங்கே'ன்னு கேட்டிருக்கார். எங்க வீட்டுக்காரர், அவுக பேச மாட்டாக, கல்யாணம் ஆன புதுசுல கொஞ்சம் பேசினாக, 'அது போயிட்டுது'ன்னு சொல்லியிருக்காக. இடமில்லைன்னு கம்பவுண்டர் வலது காதுல குத்திட்டார்.

வலது காதுல! என் ஆட்டுக்கு!

வந்து பார்க்கிறேன், முப்பத்தொண்ணும் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி மஞ்சளா ஆட்டிக்கிட்டு நிக்குது. வலது காது யாரோடது? சீனித்தாயோடது. அதுல ஒரு கீறல் விழுந்தாலும் ஆடு அவ பக்கம் போயிடும். 'உங்களுக்குப் புத்தி எங்கே போச்சு'ன்னு அவுகளைக் கேட்டேன். 'துளைதானே'ன்னாக. 'இன்னிக்குத் துளை. நாளைக்கு முள்ளுல மாட்டி இழுத்தா கீறல். அப்புறம் உங்க தம்பி பொண்டாட்டி வந்து ஓட்டிக்கிட்டுப் போவா. நின்னு பார்த்துக்கிட்டிருங்க'ன்னேன். அவுக வேட்டியை உதறிக்கிட்டு வெளியே போயிட்டாக. அதுதான் அவுக பதில்.

அப்படி நடக்க விடுவேனா? அன்னிக்கே உக்காந்து எல்லா வில்லையையும் எடுத்துட்டேன். கத்திரிக்கோலுக்கு அசையலை, பாழாப் போன பிளாஸ்டிக். பாக்குவெட்டிதான் சரியா இருந்துச்சு. ஆட்டைப் பிடிச்சுக்க அவுக வர மாட்டேன்னுட்டாக. நானே ஒவ்வொண்ணா முழங்காலுக்கு நடுவுல இடுக்கி, வில்லையை இழுத்துப் பிடிச்சு, நறுக். ஆடு சும்மா நிக்குமா? தலையை வெடுக்குன்னு இழுக்கும். காது கிழிஞ்சு போகும். வேப்பெண்ணெயும் மஞ்சளும் வச்சேன். ஒரு மாசத்துல ஆறிப் போச்சு. கிழிஞ்சது கிழிஞ்சபடி ஆறிப் போச்சு.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? கிழிச்சது நானா? குத்தினவங்க கிழிச்சாங்க. நான் எடுத்துத்தானே விட்டேன்.

முப்பத்தொரு வில்லையும் பத்திரமா இந்தப் பையிலதான் இருக்கு. அரசாங்கத்துச் சொத்து. தூக்கி எறியறவ இல்லை நான்.

சரி, அது சித்திரை. அப்புறம் விலைவாசி வந்து சேர்ந்துக்கிச்சு. ஆடு வளர்க்கிறதுன்னா கம்பை எடுத்துக்கிட்டு பின்னாலேயே நடக்கிறதுன்னுதானே நினைக்கிறீங்க? எங்கே நடக்கிறது? கண்மாய்ல மரக்கன்னு நட்டு வேலி போட்டாச்சு. 'மேய்ச்சலுக்குத் தடை'ன்னு போர்டு, நல்லா பெரிய எழுத்துல. ஆட்டுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. நீங்க வேணா வாங்க. மேக்கே கிடந்த தரிசு முழுக்க வெயிலைப் பிடிக்கிற கண்ணாடித் தகடு. அதுக்கு அடியில நல்ல நிழல், நல்ல புல்லு. கம்பி வேலிக்கு இந்தாண்டை நின்னு ஆடும் நானும் பார்த்துக்கிட்டே போவோம். பருத்திக்கொட்டை வாங்கலாம்னா, அந்த விலைக்குப் பருத்திச் சேலையே வாங்கலாம். சோளத்தட்டையை எடை போட்டு விக்கிறாங்க. குடற்புழு மருந்து போன வருஷம் விலைக்கு இந்த வருஷம் மூடி மட்டும் தருவாங்க. கொட்டகை போட்டிருக்கேன்ல, அதுக்கும் அனுமதி வாங்கணுமாம். அளக்க ஒருத்தர் வந்தார். வீட்டுக்கும் கொட்டகைக்கும் தூரம் பத்தலைன்னார். 'எதை நகர்த்த'ன்னு கேட்டேன். எழுதிக்கிட்டுப் போனார். இன்னும் பதில் வரலை.

கிடை போடறதுல கொஞ்சம் காசு பார்ப்போம். உங்களுக்குக் கிடைன்னா தெரியுமா? ராத்திரியில ஆட்டையெல்லாம் ஒருத்தர் நிலத்துல அடைச்சு வைக்கிறது. புழுக்கை அந்த நிலத்துக்கு உரம். நிலத்துக்காரர் நமக்குக் கூலி தருவார். இப்போ அவர் என்ன சொல்றார்? 'இருநூறு உருப்படிக்குக் குறைஞ்சா வேண்டாம்மா, உன் முப்பதை அடைச்சா மூலைக்குக்கூடப் பத்தாது. வேணும்னா இடத்து வாடகை குடுத்துட்டு அடைச்சுக்கோ'ங்கிறார். என் ஆட்டுப் புழுக்கைக்கு நான் வாடகை குடுக்கணும்!

வேற வழியில்லை. ஆடியில ஊர்ல அஞ்சாறு பேர் ஆட்டை ஒண்ணாச் சேர்த்து ஒரே கிடையாப் போட்டாங்க. கோட்டைச்சாமின்னு ஒரு பெரியவர், அவர்தான் கீதாரி. கிடைக்குத் தலைவரைக் கீதாரிம்போம். அதுல என் கொழுந்தன் ஆடும் உண்டு, எங்க ஆடும் உண்டு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவுக கேக்கலை. பேசாத மனுசன்கிட்ட எப்படி டீச்சர் சண்டை போடறது? சுவத்துக்கிட்டப் போட்டா எதிரொலியாவது வரும்.

அந்தக் கிடையில பகலெல்லாம் மேய்க்கிறது யாருங்கிறீங்க? சீனித்தாய். எங்க ஆட்டுக்கும் சேர்த்து. ஆவணியில மழை பிடிச்சுக்கிட்டு வாய்ப்புண் வந்துச்சுல்ல, அப்போ ராவாப் பகலா அங்கேயே கிடந்து, வாயை உப்புத்தண்ணியில கழுவி, கஞ்சி ஊத்தி, ஒண்ணையும் சாக விடலை. என் ஆட்டையும் விடலை. ஊரே பெருமையாப் பேசுது. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? தனக்கு ஒரு ஆதாயம் இல்லாம ஒருத்தி அடுத்தவ ஆட்டு வாயைக் கழுவுவாளா? அப்பவே நான் உஷாராயிட்டேன்.

புரட்டாசியில ரெண்டாவது முகாம். இந்தத் தடவை நேரா கிடைக்கே போயிட்டாங்க. தீபாவளிச் சந்தைக்குப் போகணும்னா வில்லை இருந்தே ஆகணுமாம். அதுவும் இந்த வருஷம் பொம்பளைங்க பேர்லதான் பதிவாம், அப்பதான் தீவனத்துக்கு மானியமாம். நல்ல சட்டம். நான் குத்தம் சொல்ல மாட்டேன். என் பேரைச் சொல்லி, என் போன் நம்பரையும் அவுக குடுத்திருக்காக. நான் வீட்டுல இருக்கேன். போன்ல டிங்குன்னு ஒரு நம்பர் வந்து விழுது. ஆறு எழுத்து. கீழே என்ன எழுதியிருக்கு? 'இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்.' எழுத்துக்கூட்டிப் படிச்சேன். யாரிடமும்.

உடனே போன் அடிக்குது. கம்பவுண்டர் போன்ல அவுக. கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல முதல் தடவையா என்கிட்ட போன்ல பேசறாக. 'ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு'ங்கறாக. 'யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு'ன்னேன். 'நான்தாண்டி'ன்னாக. 'புருசனுக்கு மட்டும் சொல்லலாம்னு போடலியே'ன்னேன். கம்பவுண்டர் வாங்கிப் பேசினார், 'அம்மா, நாங்க அரசாங்கம்தான்'னு. ஏமாத்துறவனும் அப்படித்தானே சொல்லுவான்? போனை வச்சுட்டேன். நீங்களே சொல்லுங்க, படிச்சவங்க. நான் செஞ்சது சரிதானே? சட்டத்தை மதிச்சது நான் ஒருத்திதான்.

அங்கே கம்பவுண்டருக்கு நேரமாகுது, இன்னும் மூணு ஊர் பாக்கி. சீனித்தாய் பக்கத்துலேயே நிக்கிறா, போனும் கையுமா. அவளுக்கு வந்த நம்பரை அவ பட்டுன்னு ஒப்பிச்சுட்டா. 'ஒரே குடும்பம்தானே, எல்லாத்தையும் இவங்க பேர்லயே ஏத்திடறேன், அப்புறம் மாத்திக்கலாம்'னுட்டார் கம்பவுண்டர். என் வீட்டுக்காரர் தலையாட்டியிருக்காக. ஆட்டறதுக்குத்தான் அதை வச்சிருக்காக.

புது வில்லையும் மாட்டி விட்டுட்டாங்க. அன்னியிலேர்ந்து கம்ப்யூட்டர்ல என் முப்பத்தொண்ணும் சீனித்தாய் ஆடு.

சரி, கம்ப்யூட்டர் கிடக்கட்டும், காது இருக்குல்லன்னு நினைச்சேன். போன வாரம் ஆடு பிரிக்கப் போனோம். கீதாரி கோட்டைச்சாமி ஒவ்வொண்ணா காதைத் தூக்கிப் பார்க்கறார். இடது பாதி, வலது கீறல், 'இது சின்னவன் ஆடு'. அடுத்தது, இடது பாதி, வலது கீறல், 'இதுவும் சின்னவன் ஆடு'. இருக்கிற அத்தனை பாதிக் காதும் சின்னவன் ஆடு! 'உலகம்மா, உனக்கு ஆடே இல்லையே தாயி'ங்கறார். சுத்தி நிக்கிற பயலுகளெல்லாம் சிரிக்கிறானுங்க. ஒருத்தன் சொல்றான், 'அத்தை, பாக்குவெட்டி கொண்டாந்திருக்கீகளா'ன்னு. அவன் வாயில மண்ணு விழ.

'வலது காதுல இருக்கிறது கீறல் இல்லை, கிழிசல்'னு சொன்னேன். 'ரெண்டுக்கும் வித்தியாசம் காட்டு'ன்னார். ஆறிப் போனதுக்கப்புறம் என்னத்தைக் காட்டறது?

அப்போ சீனித்தாய் முன்னாலே வந்தா. 'மாமா, யக்கா ஆடு எது எதுன்னு எனக்குத் தெரியும். நான் பிரிச்சுத் தாரேன்'ன்னா. தந்தா டீச்சர். உள்ளதைச் சொல்லணும்ல. 'இது நெத்திச் சுட்டி, இது மூணு வருஷம் முன்னே ரெட்டை போட்டது, இது பெரியத்தான் பின்னாலேயே வர்றது'ன்னு மூஞ்சியைப் பார்த்து ஒவ்வொண்ணா இழுத்து விட்டா. பத்து ஆடு இந்தப் பக்கம் வந்துடுச்சு. எனக்கு உச்சி வேகுது. 'நிறுத்துடி'ன்னேன். 'நீ பொறுக்கிப் போட்டு நான் எடுத்துக்கிடறதா? என் ஆட்டை நீ எனக்குக் குடுக்கறியா?'

'சரிக்கா, அப்போ நீங்களே பிரிங்க'ன்னா.

நானும் பார்த்தேன். எல்லாம் செம்மறி. எல்லாம் ஒரே பழுப்பு. எனக்குக் காதுதான் தெரியும் டீச்சர். ஆட்டு மூஞ்சியை எவ பார்த்துக்கிட்டிருப்பா? வீடு இருக்கு, வாசல் இருக்கு, சமையல் இருக்கு. அவளுக்கு வேற வேலை இல்லை, பார்த்திருக்கா.

பத்து ஆட்டையும் திரும்பக் கிடைக்குள்ளே விரட்டிட்டு வந்துட்டேன். 'கிடாயை எங்க கிடாயோட சேர்த்து வித்து, காசை அப்படியே கொண்டாந்து தந்துடறோம்க்கா'ன்னு சாயந்திரம் ஆள் விட்டா. என் ஆட்டை வித்து, என் காசை, அவ கையால எனக்கு! மாட்டேன்னேன். தாளோட வாரேன், என் பேர்ல விக்கிறேன்னு சொல்லி அனுப்பினேன்.

அதுக்குத்தான் வந்தேன். எருமை வெளியே வருது பாருங்க. 'செவத்தையா சம்சாரம்'னு கூப்பிடறாங்க. செவத்தையாங்கறது அவுகதான், நான் பேரு சொல்றதில்லை. வாரேன் இருங்க. இந்தக் குடையை மட்டும் பார்த்துக்கங்க. ரியோ, கடிச்சுடாதேப்பா.

*

வந்துட்டேன். கொஞ்சம் நகருங்க. உங்களை இன்னும் கூப்பிட மாட்டாங்க, கம்பவுண்டர் டீ குடிக்கப் போயிட்டார். என்னால அவருக்குத் தலைவலியாம்.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு. நல்ல மாதிரி. வில்லையெல்லாத்தையும் மேசையில கொட்டினேன். 'அம்மா, இது பழசு, காதுல இருந்து எடுத்த உடனே செல்லாது'ன்னாங்க. 'செல்லாத நம்பருக்கா என் ஆட்டுக் காதைக் குத்தினீங்க'ன்னேன். வில்லையை ஒரு ஓரமா ஒதுக்கி வச்சாங்க. சட்டத்துக்கிட்டப் பதில் இருக்காது டீச்சர், நம்பர்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து நீட்டினாங்க. 'பிரச்சனையே இல்லம்மா, உங்க ஓரகத்தி நேத்தே வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க'ன்னு. நேத்தே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, பஸ் ஏறி வந்து, இதே பெஞ்சுல உக்காந்து! படிச்சுக் காட்டச் சொன்னேன். 'நம்பிராசன் மனைவி சீனித்தாய் ஆகிய நான், எனக்குச் சொந்தமான முப்பத்தொரு செம்மறி ஆடுகளை, செவத்தையா மனைவி உலகம்மாளுக்கு மனப்பூர்வமாகத் தானமாகக் கொடுக்கிறேன்.'

தானம்.

'வேற வார்த்தை இல்லையா'ன்னு கேட்டேன். 'இல்லம்மா, கம்ப்யூட்டர்ல மூணுதான் இருக்கு. ஒண்ணு விற்பனை, ஒண்ணு தானம், ஒண்ணு இறப்பு.' 'திருப்பிக் குடுக்கறதுன்னு இல்லையா?' 'இல்லை.' 'தப்பா எழுதிட்டோம்னு?' 'அது மேலிடத்துக்கு எழுதிக் கேக்கணும், ஆறு மாசம் ஆகும்.' அவங்களே மறுபடியும், 'தானத்துக்கு நீங்க இங்கே ஒரு கையெழுத்துப் போட்டா அஞ்சு நிமிஷத்துல தாள் கையில. மூணு மணி லாரியைப் பிடிச்சுடலாம்'னாங்க. கூடவே சொல்றாங்க, 'உங்க ஓரகத்தி ரொம்ப நல்ல மனசுக்காரங்க.'

அந்தத் தாளைக் கீதாரி பார்ப்பார். லாரிக்காரன் பார்ப்பான். சந்தை வாசல்ல சத்தமாப் படிப்பாங்க. உலகம்மாளுக்கு ஓரகத்தி போட்ட தானம்னு. நாளைக்கு என் பேத்தி காலத்துல கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாலும் அதேதான் வரும். இடது காது பாதி எங்க மாமனார் குறி. அந்தக் குடும்பத்துக்கு மூத்த மருமக நான். நான் தானம் வாங்கறதா?

'விற்பனை போடுங்க'ன்னேன்.

டாக்டரம்மாவுக்குப் புரியலை. 'உங்க ஆட்டையே நீங்க விலைக்கு வாங்கப் போறீங்களா?' 'கம்ப்யூட்டர்ல அவ ஆடுதானே. வாங்கினாத்தானே என் ஆடு.' விலைக்கு வாங்கின ஆட்டைப் பதினஞ்சு நாள் தனியா அடைச்சு வைக்கணுமாம். ரெண்டு தடவை பரிசோதனை, ஆட்டுக்கு இத்தனைன்னு கட்டணம், அதுக்கப்புறம்தான் என் பேர்ல தாள். அதுக்குள்ளே தீபாவளி போயிடும். 'போகட்டும்'னேன். 'அதுவரைக்கும் தீவனம்?' 'போடறேன்.' 'கிடாய் விக்காம எப்படிம்மா போடுவீங்க?' 'அது என் பாடு.'

கம்பவுண்டர் சீனித்தாய்க்குப் போன் போட்டு மேசையில வச்சார், எல்லாருக்கும் கேக்கற மாதிரி.

'ஏட்டி, முப்பத்தொரு ஆட்டுக்கும் விலை சொல்லு'ன்னேன்.

'யக்கா? கிறுக்குப் பிடிச்சுட்டா? அது உங்க ஆடுக்கா.'

'விலையைச் சொல்லு.'

'ஒரு ரூவா குடுங்க.'

'பிச்சை போடறியா? சந்தை விலை சொல்லுடி.'

அவளுக்குப் பின்னாலே ஆடு கத்தற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், 'ஆட்டுக்கு மூவாயிரம் வச்சுக்கங்கக்கா'ன்னா.

'மூவாயிரத்துக்கு எந்தச் சந்தையில ஆடு விக்குது? எட்டாயிரம்.'

'அவ்வளவு போகாதுக்கா, வாய்ப்புண் வந்து இளைச்சுக் கிடக்கு. அஞ்சுக்குக்கூட யாரும் கேக்க மாட்டாங்க.'

'என் ஆட்டை இளைச்சதுன்னு சொல்லாதே. ஒன்பதாயிரம்.'

'யக்கா...'

'ஒன்பதாயிரம்னா ஒன்பதாயிரம். ஒரு பைசா குறைக்க மாட்டேன்.'

அவ அழுதாளோ என்னமோ, மூக்கை உறிஞ்சற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அதே வார்த்தைதான். 'சரிக்கா.' போனை வச்சுட்டா. டாக்டரம்மா என்னையே பார்க்கிறாங்க. கம்பவுண்டர் தலையைப் பிடிச்சுக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டார். ஆனா ஒண்ணு டீச்சர், நான் விட்டுக் குடுக்கலை. அவ இழுத்த விலைக்கு நான் இறங்கலை. நான் சொன்ன விலையிலதான் முடிஞ்சுது.

லாரி வரட்டும், போகட்டும். பொங்கலுக்கு வராமலா போயிடும்? அவுககிட்ட இன்னும் சொல்லலை. சொன்னா என்ன சொல்லப் போறாக.

முன்பணம் இன்னிக்கே கட்டினாத்தான் விற்பனைன்னு ஏத்துவாங்களாம், ரசீது வேணுமாம். பாக்கியை அப்புறம் பார்த்துக்கலாம். பார்த்துக்கிடறது என்ன, ஆட்டை வித்துத்தான். எதிர்த்தாப்புல ஒரு அடகுக்கடை இருக்கு, வரும்போதே பார்த்தேன். இந்தக் கம்மல் எங்க அம்மா போட்டது, ரெண்டரைப் பவுன் தேறும். இடது பக்கம் கழட்டிட்டேன், இந்தா, முந்தானையில முடிஞ்சிருக்கேன். வலது பக்கத் திருகாணிதான் பிடிச்சுக்கிட்டு வர மாட்டேங்குது. என் விரல்ல நகம் இல்லை. உங்களுக்கு நகம் இருக்குல்ல, அந்த நாயைக் கொஞ்சம் கீழே விட்டுட்டு இதைத் திருகி விடுங்க டீச்சர்.

பார்த்து. மெதுவா. இழுத்துடாதீங்க, கிழிஞ்சுடும்.

எதுக்கு நீங்க கண்ணைத் துடைக்கறீங்க? வெறுங்காதோட போனா என்ன? ஊருக்குள்ளே நான் யாருன்னு தெரியாமலா போயிடும்?